டேஸ்ட்டா, டேஸ்டியா? இங்கிலீஷ் நவுனையும் அட்ஜெக்டிவையும் பிரிச்சு பிடிக்கிற வழி

கொழும்புல நாங்க கதைக்கிற தமிழ்ல பாதி இங்கிலீஷ் தானே, அதனால இங்கிலீஷ் ஓரளவு கைவசம் இருக்குன்னு ஒரு நினைப்பு. ஆனா அந்த பழக்கம் தான் ஒரு இடத்துல காலை வாருது. "சாப்பாடு டேஸ்ட்டா இருக்கு", "அந்த லேன் சேஃப்டியா", "ஃபேமஸான கடை", "டீ ஸ்ட்ரோங்கா போடுங்க" இப்பிடி தான் சொல்லுவோம். இதுல டேஸ்ட், சேஃப்டி ரெண்டும் நவுன், அதாவது பெயர்ச்சொல், ஃபேமஸ், ஸ்ட்ரோங் ரெண்டும் அட்ஜெக்டிவ், அதாவது ஒண்ணு எப்பிடிப்பட்டதுன்னு சொல்ற பெயரடை. ஆனா தமிழ்ல "ஆ", "ஆன" ஒட்டிட்டா எல்லாம் ஒரே மாதிரி ஓடிடும், உள்ள என்ன இருக்குன்னு யாரும் பார்க்கிறதில்ல. பிறகு முழு இங்கிலீஷ்ல கதைக்க போனா "திஸ் ரைஸ் இஸ் வெரி டேஸ்ட்", "தட் ரோட் இஸ் வெரி டேஞ்சர்"னு வந்து விழும்.

அதனால முதல் வேலை, அந்த "ஆ", "ஆன" ரெண்டையும் கழட்டிட்டு வெறும் சொல்ல பாருங்க. முன்னால "வெரி" போட்டு சொல்லி பாருங்க, பொருந்தினா அட்ஜெக்டிவ், பிறகு "மை" போட்டு பாருங்க, பொருந்தினா நவுன். "வெரி சேஃப்" வருது, "வெரி சேஃப்டி" வராது. "மை சேஃப்டி" வருது, "மை சேஃப்"னா வீட்டுல நகை வைக்கிற பெட்டி ஆயிடும். வெரி ஏத்துக்காத அட்ஜெக்டிவும் கொஞ்சம் இருக்கு, மெயின், வுடன் மாதிரி, அதுக்கு டிக்‌ஷனரிய பார்க்கிறது தான் வழி.

ரெண்டாவது தான் பெரிய சிக்கல், இதுக்கு கொஞ்சம் நேரம் குடுங்க. தமிழ்ல உடம்புக்கும் மனசுக்கும் வர்றத நாங்க பெரும்பாலும் பெயர்ச்சொல்லா சொல்றோம். எனக்கு பசி, எனக்கு தாகம், எனக்கு கோபம், எனக்கு நித்திரை வருது. பசி தனியா நிக்குது, அது எங்களுக்கு வருது, போகுது. இங்கிலீஷ்ல அப்பிடி இல்ல, அங்க ஆளே அந்த நிலைமைக்கு மாறணும், அதனால அட்ஜெக்டிவ் தான் வேணும். ஐ ஆம் ஹங்ரி, தேர்ஸ்டி, ஏங்ரி, ஸ்லீப்பி. ஹங்கர், தேர்ஸ்ட், ஏங்கர்னு நவுன் எல்லாம் இருக்கு தான், ஆனா வீட்டுல பசிக்குதுன்னு சொல்ல அத யாரும் எடுக்க மாட்டாங்க. "எனக்கு டென்ஷன்"னு நாங்க தினமும் சொல்றதும் அங்க போனா ஐ ஆம் டென்ஸ், இல்லாட்டி ஸ்ட்ரெஸ்ட். "எனக்கு"ன்னு மனசுல தொடங்கினாலே உஷாராகுங்க, இங்கிலீஷ்ல அது அனேகமா அட்ஜெக்டிவா தான் முடியும்.

நவுன்ல இருந்து அட்ஜெக்டிவ் செய்யுறது வால் ஒட்டுற வேலை. காலநிலைக்கும் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் "ஈ" சத்தம் போதும்: ரெயினி, விண்டி, ஒயிலி, ஸ்பைசி, சோல்டி. டேஞ்சர், ஃபேம், பொய்சன் எல்லாம் "அஸ்" எடுக்கும். நேஷன், கல்ச்சர், மியூசிக் "அல்" எடுக்கும். "ஃபுல்" போட்டா இருக்கு, "லெஸ்" போட்டா இல்ல, கேர்ஃபுல் கேர்லெஸ் மாதிரி, எழுதும்போது இந்த ஃபுல்லுக்கு கடைசியில ஒரு எல் தான். ஆனா ப்ரைஸ்லெஸ்ன்னா விலை இல்லாத குப்பைன்னு நினைச்சிடாதீங்க, விலையே போட ஏலாத அளவுக்கு பெறுமதியானதுன்னு அர்த்தம். இன்னொரு ஜோடி, எகனோமிக், எகனோமிக்கல். முதலாவது பொருளாதாரம் சம்பந்தப்பட்டது, மற்றது சிக்கனமானது: 2022ல நாங்க லைன்ல நின்னது எகனோமிக் கிரைசிஸால, பெட்ரோல் குறைய குடிக்கிற கார் எகனோமிக்கல்.

திருப்பி அட்ஜெக்டிவ்ல இருந்து நவுன் செய்யுறதுக்கு "நெஸ்" தான் நல்ல பிள்ளை, எங்கட இளமை, வெண்மையில வர்ற "மை" மாதிரி: கைண்ட்னெஸ், சேட்னெஸ், லேசினெஸ். "என்ட்", "அன்ட்"ல முடியுறது "ன்ஸ்" ஆகும்: டிஃபரன்ட் டிஃபரன்ஸ், இம்போர்டன்ட் இம்போர்டன்ஸ், கொன்ஃபிடன்ட் கொன்ஃபிடன்ஸ். "ஹீ இஸ் வெரி இன்டெலிஜன்ஸ்"னு சொல்றவங்க இந்த இடத்துல தான் வழுக்குறாங்க. சிலது "சி" எடுக்கும், வேக்கன்ட் வேக்கன்சி, அர்ஜென்ட் அர்ஜென்சி. பொறுமைக்கு பேஷன்ஸ், நோயாளிகளுக்கும் பேஷன்ட்ஸ், காதுக்கு ரெண்டும் ஒண்ணு தான், அதால ஒரு டொக்டர் தனக்கு பேஷன்ஸ் இல்லன்னு சொன்னா எதுன்னு விளங்க முழு கதையும் கேக்கணும்.

அளவு சொல்ற சொல்லுகள் வேற கூட்டம், உள்ளயே சத்தம் மாறும். லோங் லெங்த், வைட் வித்த், டீப் டெப்த், ஸ்ட்ரோங் ஸ்ட்ரெங்த். ஹைட்டுக்கு மட்டும் கடைசியில "த்" இல்ல, வெறும் "ட்". ஆள் எவ்வளவு டோலா இருந்தாலும் அளக்கிறது ஹைட் தான்.

உச்சரிப்புல ஒரு விஷயம், இத பிடிச்சா பாதி பயம் போயிடும். "இட்டி"யோ "இக்"கோ கடைசியில வந்தா அழுத்தம் அதுக்கு சரியா முன்னால உள்ள அசைக்கு நகரும். இகொனமியில "கொ"வுல அழுத்தினது எகனோமிக்ல "னோ"வுக்கு போகுது. ஏபிள்ல தொடக்கத்துல இருந்தது எபிலிட்டியில "பி"க்கு வந்திடும். இலெக்ட்ரிக்ல இருந்த "க்" இலெக்ட்ரிசிட்டியில "ஸ்" ஆயிடும். பொலிட்டிக்ஸ் மாதிரி இதுக்கு அடங்காததும் இருக்கு, அத விடுங்க.

மற்றது, வாலே ஒட்டாம ஒரு நவுன் இன்னொரு நவுனுக்கு முன்னால வந்து அட்ஜெக்டிவ் வேலை பார்க்கும். பஸ் ஸ்டாண்ட், லஞ்ச் பக்கெட், ஷூ ஷொப். அந்த முன்னால நிக்கிறது பெரும்பாலும் ஒருமை, அதனால ஷூஸ் ஷொப் இல்ல, "ஃபைவ் இயர்ஸ் ஓல்ட் கேர்ள்" இல்ல, ஃபைவ் இயர் ஓல்ட் கேர்ள். ஸ்போர்ட்ஸ், கிளோத்ஸ் ரெண்டும் இதுக்கு விதிவிலக்கு. செட்டியார் தெருவுல போய் வாங்குறது கோல்ட் செயின், கோல்டன்னு சொன்னா அனேகமா நிறம் தான், தங்கமா இல்லையான்னு கேள்வி வரும். ஆனா மரத்துல செஞ்ச கதிரைய வுடன் செயார்னு தான் சொல்லணும், இதுல நியாயம் கேட்டு பிரயோசனம் இல்ல.

கடைசியா அட்ஜெக்டிவே நவுனாகி நிக்கிற இடம். த புவர், த ரிச், முன்னால "த" போட்டா அந்த மாதிரி ஆக்கள் எல்லாரும். ஏழைகள்னு பன்மை மனசுல இருக்கிறதால "புவர்ஸ்"னு எழுதுற பிள்ளைகள் நிறைய, எஸ் தேவையில்ல, ஆனா வினை பன்மை: த புவர் ஆர், இஸ் இல்ல. ஒரே ஒரு ஆள பற்றினா அ புவர் மேன்னு மேனையும் சேர்த்து தான் சொல்லணும்.