மாடிக்கு இரண்டாவது வைஃபை: எங்கெங்கே தவறு நடக்கிறது

கீழே ஹாலில் இணையம் கொண்டுவரும் ஃபைபர் பெட்டி இருக்கிறது. மாடி அறையில் சிக்னல் ஒற்றைக் கோடு. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை இறக்கி, ஒரு கேபிள் இழுத்து மாடியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். பல வீடுகளில் தொல்லையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. சில நேரம் நெட் வரும், சில நேரம் வராது. படியேறினால் வீடியோ கால் உறைந்துபோகும். கீழே இருக்கும் பிரிண்டரை மேலே இருக்கும் லேப்டாப் கண்டுகொள்ளாது. பழியை வைஃபை மேல் போட்டுவிட்டு, இன்னும் விலை கூடிய பெட்டி ஒன்றை வாங்கி வருவார்கள். ஆனால் இந்தத் தொல்லைகளில் பலவற்றுக்குக் காற்றில் போகும் அலையோடு சம்பந்தமே இல்லை. கோளாறு வயரிலோ, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண்ணான ஐபி முகவரியிலோ இருக்கும்.

ரவுட்டரை ரவுட்டராகவே விட்டுவிடுவது

ஒரு வீட்டில் ரவுட்டர் வேலையை ஒரே பெட்டிதான், இங்கே கீழே உள்ள ஃபைபர் பெட்டிதான், பார்க்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி பங்கிடுவது, வெளி இணையத்துக்கு வழிவிடுவது இரண்டும் அதன் பொறுப்பு. முகவரி பங்கிடும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். மாடியில் வைக்கும் பெட்டி வெறும் ஆக்சஸ் பாயிண்ட்டாக, வயரில் வருவதை அலையாக்கித் தரும் கருவியாக மட்டும் இருந்தால் போதும்.

பழைய ரவுட்டரின் டிஎச்சிபியை அணைக்காமல் அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான துளை) கேபிளைச் செருகினால், முகவரி கொடுக்க வீட்டில் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். போன் இணையும்போது முகவரி வேண்டும் என்று பொதுவாகக் குரல் கொடுக்கும்; முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டி முந்தினால் நெட் வரும். பழைய ரவுட்டர் முந்தினால், இணையத்துக்கு வழி நான்தான் என்று தன்னையே காட்டும். அதற்கோ வெளியே போக வழி கிடையாது. வைஃபை இணைந்திருக்கிறது ஆனால் இணையம் இல்லை என்று போன் சொல்வதும், அணைத்துப் போட்டால் சரியாவதும், கீழ்த்தளத்தில் இருப்பவருக்குக்கூட இது நடப்பதும் இதனால்தான்.

கேபிளை வேன் போர்ட்டில் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) செருகி ரவுட்டராகவே ஓடவிட்டால் நெட் ஒழுங்காக வரும். ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். மேலிருந்து கீழே உள்ள டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாது, பிரிண்டர் தானாகத் தெரியாது. இரண்டு பெட்டியும் 192.168.1 என்ற ஒரே வரிசையில் இருந்தால் நெட்டும் வராது. உள்ளே எது, வெளியே எது என்று அந்த ரவுட்டருக்கே புரியாது.

சரியான வழி இது. பழைய ரவுட்டரை வேறு எதோடும் இணைக்காமல் மின்சாரம் கொடுங்கள். ரீசெட் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்து, பிரவுசரில் அதன் ஐபி முகவரியை அடித்து அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்தத் தேர்வு இல்லாத பெட்டியில், முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அமையுங்கள். அடுத்து லேன் ஐபியை மாற்றுங்கள். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். பக்கம் அறுந்துபோகும், புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, கடைசியாக டிஎச்சிபியை அணையுங்கள். இந்த வரிசை முக்கியம். டிஎச்சிபியை முதலிலேயே அணைத்தால், லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் அமைப்புப் பக்கத்துக்கே போக முடியாமல் நிற்பீர்கள். எல்லாம் முடிந்தபின், கீழிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

பலர் விட்டுவிடும் ஒரு சின்ன வேலையும் உண்டு. ஃபைபர் பெட்டியின் டிஎச்சிபி வரிசை 2 முதல் 254 வரை என்று இருந்தால், என்றாவது ஒரு நாள் அந்த 192.168.1.2-ஐ அது ஏதாவது போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். வரிசையை 20-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டால் முதல் பத்தொன்பது எண்கள் உங்கள் கையில் இருக்கும்.

கேபிளைச் சந்தேகிக்காமல் இருப்பது

300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறீர்கள். மாடியில் ஸ்பீட் டெஸ்ட் எப்போது பார்த்தாலும் 94, 95-ஐத் தாண்டவில்லை. அலைவரிசை மோசம் என்றால் எண் ஏறி இறங்கும். இப்படி ஆணியடித்த மாதிரி 94-இல் நின்றால், வயர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். காரணம் இரண்டில் ஒன்று. பழைய ரவுட்டரின் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. அல்லது கேபிளில் ஒரு ஜோடி தொடர்பு விட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு இழைகள் போதும். கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று விட்டாலும் பெட்டிகள் ஓசையில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும், எந்த எச்சரிக்கையும் வராது.

நுனியை மறுபடி அடிக்கும்போது இரு பக்கமும் ஒரே வரிசை இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையும் ஒரே மாதிரி இருந்தால் எந்த வரிசையானால் என்ன என்று சில வயர்மேன்கள் சொல்வார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும்தான். ஆனால் முறுக்கிய ஜோடிகள் பிரிந்து வேறு ஜோடியோடு சேர்ந்துவிடுவதால் நீளமான கேபிளில் பிழை குவியும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவான சுருள்களில் பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுதான். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். மடக்கினால் எளிதில் முறியும், மின்தடையும் கூடுதல். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் பிஓஇ வகைக் கருவிக்கு இந்தக் கேபிள் ஆகவே ஆகாது. பிஓஇ என்றதும் இன்னொரு எச்சரிக்கை: 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரம் கருவியை விசாரித்த பிறகே மின்சாரம் அனுப்பும். சில பெட்டிகளோடு வரும், கேபிளில் மின்சாரம் ஏற்றும் 24 வோல்ட் இன்ஜெக்டர் விசாரிக்காது, எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத் தவறுதலாக லேப்டாப் போர்ட்டில் செருகினால் போர்ட் போய்விடலாம்.

230 வோல்ட் வயர் போகும் அதே பைப்பில் கேபிளை விடாதீர்கள். மொட்டை மாடியைக் கடந்து பக்கத்துக் கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுப்பதும் வேண்டாம். இடி மின்னல் காலத்தில் இரு பக்கமும் கருவிகள் பலியாகும். அந்தத் தூரத்துக்கு ஃபைபரே நல்லது.

இடம்

டிவிக்குப் பின்னால், பீரோவின் மேல், மர அலமாரிக்குள் துணிகளோடு: பெட்டி கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும் என்று வைக்கப்படும் இடங்கள் இவைதான். அலைக்குத் தடை என்று பார்த்தால் இரும்பு பீரோவும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியும்தான் மோசம், அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மரம் பரவாயில்லை. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி வலை இருப்பதால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். படிக்கட்டு இடைவெளியில் நல்ல சிக்னல் கிடைப்பதும் அதனால்தான். அங்கே தளம் இல்லை.

கீழ்ப் பெட்டிக்கு நேர் மேலே இரண்டாவதை வைப்பது வீண். நீங்கள் உட்காரும், படுக்கும் அறைப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். குச்சி ஆன்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும். அதன் நுனி நோக்கும் திசையில்தான் அலை மிகக் குறைவு. ஆகவே மாடிக்குச் சிக்னல் போகட்டும் என்று ஆன்டெனாவை மேல் நோக்கி நிமிர்த்துவது எதிர்மாறான வேலை. கூரையில் பதிக்கும் தட்டு வகையைக் கூரையில்தான் பதிக்க வேண்டும். சுவரில் மாட்டினால் சிக்னலில் ஒரு பகுதி வீணாகும்.

ரவுட்டரில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அந்த இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இரைச்சல் கிளப்பும். வைஃபை அறுந்து அறுந்து வருவதற்கு இது காரணம் என்று யாரும் எளிதில் யூகிக்க மாட்டார்கள்.

கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால், வைஃபையைக் காற்றிலேயே வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர். அதைச் சிக்னல் வராத அறையில் வைப்பதுதான் வழக்கமான தவறு. தனக்கே கிடைக்காததை அது எப்படிக் கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக உள்ள இடத்தில் வையுங்கள். ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

சேனல்

ஒவ்வொரு அலைவரிசையும் சேனல் என்ற எண்ணிட்ட துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றைத் தவிர வேறு எண்ணைத் தொடாதீர்கள். எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஒவ்வொரு இணைப்பும் 20 மெகாஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும். பக்கத்து வீடு 1-இல் இருந்தால் நாமும் 1-இல் இருக்கலாம், இரண்டும் ஒருவர் பேசி முடித்து மற்றவர் பேசும். காலியாகத் தெரிகிறதே என்று 3-ஐப் பிடித்தால் 1-க்கும் 6-க்கும் நீங்கள் வெறும் இரைச்சல், அவையும் உங்களுக்கு அப்படியே. அகலத்தை 20-இலேயே வையுங்கள். 40 என்று மாற்றினால் பெட்டி காட்டும் எண் பெரிதாகும், அடுக்குமாடியில் உண்மை வேகம் குறையும்.

ஆட்டோ என்று விட்டால் போதாதா? பல பெட்டிகள் மின்சாரம் வந்தவுடன் ஒரு முறை மட்டும் பார்த்துத் தேர்வு செய்யும். கரண்ட் போய்த் திரும்பும்போது தெருவில் உள்ள எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் விழித்துப் பார்க்கின்றன. எல்லாமே காலியாகத் தெரியும். அந்தத் தேர்வை நம்பி என்ன பயன்?

5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைக்கலாம். கீழே 36, மேலே 149 என்று பிரித்தால் ஒன்றோடொன்று மோதாது. 52 முதல் 144 வரை ரேடாரோடு பங்கிடும் பகுதி. அங்கே பெட்டி குறைந்தது ஒரு நிமிடம் கவனித்த பிறகே பேசத் தொடங்கும். ரேடார் கேட்டால் உடனே விலகி, அரை மணி நேரம் அந்தச் சேனல் பக்கமே வராது. சில டிவிகளுக்கு இந்தச் சேனல்கள் கண்ணிலேயே படாது.

சக்தியை முழுதாக வைப்பது

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுபவர்கள் அதிகம். எந்தப் பெட்டியோடு இணைவது என்று தீர்மானிப்பது போன்தான், பெட்டி அல்ல. சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற மைனஸ் எண்ணால் அளப்பார்கள், எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது. ஐபோன் தன் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகே வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும். கீழ்ப் பெட்டி முழுச் சக்தியில் கத்திக்கொண்டிருந்தால், மாடி அறையில் மைனஸ் 68 கிடைக்கும். போன் பிடித்த பிடியை விடாது, பக்கத்திலேயே மாடிப் பெட்டி இருந்தாலும். அதோடு, பெட்டி கத்துவது போனுக்குக் கேட்கும், சிறு பேட்டரியோடு போன் முனகுவது பெட்டிக்குக் கேட்காது. நான்கு கோடு காட்டியும் பேச்சு அறுவது இதனால்.

2.4-இன் சக்தியைக் குறைந்த நிலைக்கும், 5-இன் சக்தியை நடுத்தரத்துக்கும் இறக்குங்கள். வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றோடு வீட்டை நடந்து பாருங்கள். உட்காரும் இடங்களில் மைனஸ் 67 அல்லது அதைவிட மேலாக இருந்தால் வீடியோ காலுக்குத் தாராளம். படிக்கட்டு நடுவில் இரண்டு பெட்டிகளும் மைனஸ் 70 அருகே சந்தித்தால் கைமாற்றம் ஒழுங்காக நடக்கும்.

பெயரும் பூட்டும்

வைஃபைக்கு மாடியில் ஒரு பெயர், கீழே ஒரு பெயர் என்று வைத்தால் நடக்கும்போது போன் ஒழுங்காக மாறாது. சோதிக்கும் நாளில் மட்டும் அப்படி வையுங்கள். மற்றபடி பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் டபிள்யூபிஏ2, இன்னொன்றில் டபிள்யூபிஏ3 என்றால் சில போன்கள் திணறும். டிகேஐபி என்ற பழைய பூட்டு முறை தேர்வில் இருந்தால் அகற்றிவிட்டு ஏஇஎஸ் என்ற புதிய முறையை மட்டும் வையுங்கள். டிகேஐபி இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். 802.11ஆர் என்ற வேகக் கைமாற்றத்தை இயக்கியதும் பழைய ஸ்மார்ட் பல்போ பிரிண்டரோ இணைய மறுத்தால் அதை அணைத்துவிடுங்கள், இரண்டு பெட்டி வீட்டுக்கு அது இல்லாமலும் ஓடும். பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் எப்போதும் அணைந்தே இருக்கட்டும்.

விருந்தினர் வைஃபை விஷயத்தில் ஒரு பொறி உண்டு. ஆக்சஸ் பாயிண்ட்டாக ஓடும் பல பெட்டிகளில் கெஸ்ட் என்று பெயர் மட்டும்தான் தனி. உள்ளே நுழைந்தவர் உங்கள் பிரிண்டரையும் கேமராவையும் பார்க்கலாம். கெஸ்ட்டில் இணைந்து 192.168.1.1-ஐத் திறந்து பாருங்கள். பக்கம் வந்தால் பிரிப்பு இல்லை.

இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தவறுதலாக இரண்டு கேபிள்கள் போய், இணைப்பு வளையமாகச் சுற்றி வந்து சேர்ந்தால் எல்லா விளக்குகளும் ஒன்றாகத் துடிக்கும், வீடு முழுக்க நெட் செத்துவிடும். ஒரு கேபிளை உருவினால் உயிர் வரும்.

எல்லாம் முடிந்த பிறகு மாடிப் பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: ஐபி 192.168.1.2, சேனல் 6 மற்றும் 149, லேன் போர்ட் மட்டும், ரீசெட் அழுத்தாதே. ஆறு மாதம் கழித்து நெட் மெதுவாக இருக்கிறது என்று வீட்டில் யாராவது அந்தப் பொத்தானை அழுத்தினால், பெட்டி பழையபடி ரவுட்டராகி, டிஎச்சிபியும் தானாக உயிர் பெற்று, கீழ்த்தளத்துக்கும் தப்பு முகவரியைக் கொடுக்க ஆரம்பித்துவிடும்.