பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இடைக்காலத் திருச்சபை வரலாறு: வீட்டிலேயே நடத்தும் முறை

கிறிஸ்தவ வீடுகளில் இந்தப் பாடம் இரண்டு விதமாகச் சறுக்கும். சில வீடுகளில் இடைக்காலம் முழுவதும் புனிதர்கள், பேராலயங்கள், பக்தி என்றே போகும். வேறு சில வீடுகளில் அப்போஸ்தலர்களுக்கும் லூத்தருக்கும் நடுவே ஒரே இருட்டுதான். இரண்டுமே பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நிற்காது. 1099-ல் சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமில் நடத்திய படுகொலையை அவன் ஒரு வீடியோவில் பார்த்துவிட்டால், அதை மறைத்தவர்கள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே சந்தேகிப்பான்.

இதற்கு மருந்து, கேள்விகளின் வரிசைதான். என்ன நடந்தது? செய்தவர்கள் எதை நினைத்துச் செய்தார்கள்? வேதத்தின் வெளிச்சத்தில் நாம் அதை எப்படி எடைபோடுகிறோம்? மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டால் பாடம் பிரசங்கமாகிவிடும். கேட்காமலே விட்டால் கிறிஸ்தவப் பார்வை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

காலக்கோடு

முதல் வாரத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஐந்து ஏ4 தாள்களை நீளவாக்கில் ஒட்டுங்கள். 1 செ.மீ.க்கு 10 ஆண்டு என்று வைத்தால், 300 முதல் 1550 வரை 125 செ.மீ. வரும், மிச்சம் ஒட்டுவதற்கும் தலைப்புக்கும். மூன்று வரிசை கோடு போடுங்கள்: மேலே லத்தீன் மேற்கு, நடுவில் கான்ஸ்டான்டினோப்பிளை மையமாகக் கொண்ட கிரேக்கக் கிழக்கு, கீழே ரோமப் பேரரசுக்கு வெளியே வளர்ந்த சிரியாக் (சுரியானி), எத்தியோப்பிய சபைகள்.

பலரும் விட்டுவிடுவது கீழ் வரிசையைத்தான். அது இல்லாவிட்டால் கிறிஸ்தவம் ஐரோப்பாவின் சொத்து என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். 597-ல் கான்டர்பரி அகஸ்டின் இங்கிலாந்தின் கென்ட்டில் வந்து இறங்கினார். 635-ல் கீழ் வரிசையில் வரும் சிரியாக் சபையான கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த அலோபென் சீனாவின் தாங் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தார். தாளில் இரண்டுக்கும் இடைவெளி 4 செ.மீ. கூட இல்லை. சீனாவில் 781-ல் நாட்டிய கல்வெட்டு அந்த வருகையைப் பதிவு செய்திருக்கிறது. அதன் படத்தைக் காட்டுங்கள்.

மனப்பாடத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் போதும்: 313 (மிலான் ஆணை), 325 (நைசியா சங்கம்), 410 (ரோம் சூறை), 451 (கால்செதோன் சங்கம்), 597 (இங்கிலாந்தில் அகஸ்டின்), 800 (சார்லமேன் முடிசூட்டு), 988 (கீவ் ரஷ்யாவின் ஞானஸ்நானம்), 1054 (கிழக்கு-மேற்குப் பிளவு), 1095 (கிளெர்மோன்), 1204 (கான்ஸ்டான்டினோப்பிள் சூறை), 1215 (நான்காம் லாத்தரன் சங்கம்), 1348 (கொள்ளைநோய்), 1415 (யான் ஹுஸ்), 1453 (கான்ஸ்டான்டினோப்பிளின் வீழ்ச்சி), 1517 (லூத்தர்). மற்றவை இவற்றுக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால் சரி.

36 வாரத்தைப் பங்கிடுவது

வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். முதலாவதில் வரலாற்று வாசிப்பு, இரண்டாவதில் அக்காலத்து ஆவணம் ஒன்று, மூன்றாவதில் பேச்சும் எழுத்தும். காலக்கோட்டுக்கு 1 வாரம், ஆதிச் சங்கங்களுக்கும் ரோமின் வீழ்ச்சிக்கும் 6, துறவி மடங்களுக்கும் மிஷனரிகளுக்கும் 6, சார்லமேன் முதல் 1054 வரை 5, போப்பாண்டவர் சீர்திருத்தத்துக்கும் சிலுவைப் போர்களுக்கும் 7, பல்கலைக்கழகங்களுக்கும் பிரான்சிஸ், தோமா அக்வினாஸ் போன்றோருக்கும் 5, கொள்ளைநோய் முதல் 1517 வரை 6. வழக்கமாக நடப்பது என்னவென்றால், ரோமின் வீழ்ச்சி சுவையாக இருக்கிறது என்று பத்து வாரம் அங்கேயே போய்விடும். கடைசி இருநூறு ஆண்டை ஓட்டமாக ஓட்ட வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் சீர்திருத்த இயக்கம் வானத்திலிருந்து விழுந்ததுபோலத் தெரியும்.

325-ல் கூடிய நைசியா சங்கத்தை நடத்தும்போது அதன் விசுவாசப் பிரமாணத்தையே கையில் கொடுங்கள். குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்றார் அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ். அதற்குப் பதிலாக வரும் வரிகளை மட்டும் பிள்ளை அடிக்கோடிடட்டும். சபைகளில் இன்று சொல்லும் பிரமாணம் பெரும்பாலும் 381-ல் கூடிய கான்ஸ்டான்டினோப்பிள் சங்கத்தின் வடிவம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

துறவி பெனடிக்ட் எழுதிய மட ஒழுங்கில் 73 அதிகாரங்கள் உண்டு, எல்லாம் வேண்டாம். 39-ஐயும் 48-ஐயும் படித்தால் போதும். 39-ல் சாப்பாட்டுக்குச் சமைத்த பதார்த்தம் இரண்டு வைக்கச் சொல்கிறார். ஒன்றைச் சாப்பிட முடியாதவர் மற்றதைச் சாப்பிடட்டும் என்பதே காரணம். துறவிகள் என்றால் உடம்பை வெறுத்தவர்கள் என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு வரி நல்ல அதிர்ச்சி.

கிளெர்மோன் பாடம்

ஆண்டின் மிக முக்கியமான வகுப்பு இது. இதற்கு மட்டும் இரண்டு அமர்வு ஒதுக்குங்கள். 1095-ல் பிரான்சின் கிளெர்மோனில் போப் இரண்டாம் அர்பன் முதல் சிலுவைப் போருக்கு அழைத்துப் பேசிய பேச்சு சொல்லுக்குச் சொல் எங்கும் இல்லை. பிற்பாடு பலர் அவரவர் நடையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஷார்த்ரின் ஃபுல்கர் எழுதியதையும் துறவி ராபர்ட் எழுதியதையும் எடுத்து, பெயர்களை மறைத்து, தனித்தனித் தாளில் அச்சிடுங்கள். இரண்டிலும் இருப்பதற்குப் பச்சைப் பென்சில், ஒன்றில் மட்டும் இருப்பதற்குச் சிவப்பு. இருபது நிமிடத்தில் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்: ஃபுல்கரின் பேச்சில் கிழக்கத்திய சகோதரருக்கு உதவி உண்டு, எருசலேம் இல்லை, ராபர்ட்டின் பேச்சில் எருசலேமும் திருக்கல்லறையுமே பிரதானம். 1099-ல் எருசலேம் கைக்கு வந்த பிறகுதான் ராபர்ட் எழுதினார் என்பதை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். அவசரப்பட்டுச் சொன்னால் பயிற்சியே வீண்.

இரண்டாம் அமர்வில் 1096-ஐ எடுங்கள். சிலுவை தரித்துப் புறப்பட்ட கூட்டங்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்களைக் கொன்றன. ஸ்பையரில் பிஷப் யோவான் அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். ஒரே விசுவாசம், ஒரே ஆண்டு, இரண்டு நடத்தை. மூன்றாவது கேள்வியை இங்கே கேட்டால் பதில் தானாக வரும். "அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்கள் இல்லை" என்று பிள்ளை தப்பிக்கப் பார்க்கலாம், விடாதீர்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஜெபித்தவர்கள். வேதத்தின் எந்தக் கட்டளையை மீறினார்கள் என்று வசனத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

தேவ சித்தம் என்று சொல்லும் முன்

கர்த்தர் வரலாற்றை நடத்துகிறார் என்பது நம் விசுவாசம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் அவர் மனதில் இருந்தது இன்னதென்று நாம் சொல்ல முடியும் என்பது வேறு விஷயம். 410-ல் ரோம் சூறையாடப்பட்டபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கதி என்றார்கள் பலர். பேரரசின் விதியும் தேவனுடைய நகரத்தின் விதியும் ஒன்றல்ல என்று ஹிப்போவின் அகஸ்டின் விரிவாகப் பதில் எழுதினார். 1348-ல் கொள்ளைநோய்க்கு யூதர்களே காரணம் என்ற பழி பரவியது. யூதர்களும் அதே நோயில் சாகிறார்களே, யூதர்கள் இல்லாத ஊர்களிலும் நோய் இருக்கிறதே என்று போப் ஆறாம் கிளெமென்ட் ஆணையில் எழுதினார். அப்படியும் 1349-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யூதர்களை எரித்தார்கள். கிளெமென்டின் ஆணையையும் ஸ்ட்ராஸ்பர்க்கையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது நல்லது.

உங்கள் சபைப் பிரிவை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் நல்லவர் ஒருவரைக் கட்டாயம் படிக்க வையுங்கள். புராட்டஸ்டண்ட் வீட்டில் இடைக்காலத் துறவிகளான ஆன்செல்மும் பெர்னார்டும், கத்தோலிக்க வீட்டில் 1415-ல் கான்ஸ்டன்ஸில் எரிக்கப்பட்ட செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ். பாதுகாப்பு உறுதி பெற்று வந்த மனிதர் எப்படிச் சிறைக்குப் போனார் என்பதை மழுப்பாமல் படிக்கலாம். 1054-ஐ கிழக்கு, மேற்குச் சபைகளின் ஒரே நாள் பிளவாகச் சொல்வது தவறு. அன்று போப்பின் தூதர் ஹம்பர்ட் சபைநீக்க ஆணையைக் கான்ஸ்டான்டினோப்பிளின் ஹாகியா சோபியா பேராலயப் பலிபீடத்தில் வைத்தபோது, அவரை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிளவை மக்கள் நெஞ்சில் ஆழமாகப் பதித்தது 1204-ல் சிலுவைப் போர் வீரர்களால் கான்ஸ்டான்டினோப்பிள் சூறையாடப்பட்டதுதான்.

பரீட்சை

பதின்மூன்று வயதுக்கு மாதம் ஒரு பக்கம், பதினாறுக்கு மேல் 600 சொல் கட்டுரை. கொடுமைக் காட்சிகளின் விவரத்தைச் சின்னவர்களுக்குக் குறைக்கலாம், நடந்ததை மறைக்கக் கூடாது. ஆண்டுக் கடைசியில் ஆண்டுகளைக் கேட்காதீர்கள். ஒரு பொய்யைக் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். "வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று நைசியாவில் முடிவு செய்தார்கள்" என்பது நல்ல தேர்வு. சங்கம் வெளியிட்ட 20 விதிகளையும் படித்து, அதில் அந்தப் பேச்சே இல்லை என்று காட்ட வேண்டும். 367-ல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் ஈஸ்டர் கடிதத்தில் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களைப் பட்டியலிட்டதைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டு வாரம் கொடுங்கள். "இணையத்தில் அப்படிப் போட்டிருக்கிறது" என்று மட்டும் எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.