சுட்ட பிறகு கேட்கும் துப்பாக்கி

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எனக்கு விளையாட நேரம் கிடைக்கும்; ஹெட்போன் இல்லாமல் முடியாது. புளூடூத் ஹெட்போன் மாட்டிய முதல் இரவிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மவுஸை அழுத்துகிறேன், துப்பாக்கி முனையில் நெருப்பு தெரிகிறது, எதிராளி சாய்கிறான், அதற்கப்புறம்தான் வெடிச்சத்தம். முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டுத் திரும்புவதற்குள் நான் செத்துக் கிடப்பேன். இதே ஹெட்போனில் படம் பார்த்தால் உதட்டசைவு இம்மியும் பிசகவில்லை.

காரணம் எளியது. வீடியோ செயலியிடம் அடுத்து வரும் காட்சி கைவசம் இருக்கிறது. ஒலி கால் நொடி பின்தங்குகிறது என்று தெரிந்தால் காட்சியையும் கால் நொடி தாமதித்துக் காட்டிவிடும். நீங்கள் எந்தக் கணத்தில் சுடுவீர்கள் என்பது விளையாட்டுக்கு எப்படித் தெரியும்?

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். செல்பேசியை மவுஸுக்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். ஹெட்போனின் ஒரு பக்கத்தைச் செல்பேசியின் மைக்கை ஒட்டி வைத்துவிட்டு, விளையாட்டில் பத்து முறை, இடைவெளி விட்டுச் சுடுங்கள். பதிவை ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்தால், மவுஸின் 'டிக்' சிறிய முள்ளாகவும் வெடிச்சத்தம் பெரிய முள்ளாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் தாமதம். பிறகு கம்பி செருகி இதையே மறுபடி செய்ய வேண்டும். கணினியும் விளையாட்டும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கழிக்க வேண்டுமல்லவா? எனக்குக் கம்பியில் 80 மில்லிநொடி, புளூடூத்தில் 310. ஆக, ஹெட்போனின் பங்கு 230. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும் என்பதால், கையிலிருக்கும் துப்பாக்கி சுமார் 80 மீட்டருக்கு அப்பால் வெடிப்பதற்குச் சமம்.

இந்தத் தாமதத்தில் பெரும்பகுதி, ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்கும் முறையான கோடெக்கிலும், ஒலி அறுபடாமலிருக்க ஹெட்போன் முன்கூட்டிச் சேமித்து வைத்துக்கொள்ளும் இருப்பிலும் இருக்கிறது. எஸ்பிசி, ஏஏசி என்ற கோடெக்குகள் இரண்டும் பொதுவாக 150 முதல் 250 மில்லிநொடி வரை இழுக்கும். எல்டாக் என்ற கோடெக் பாட்டுக் கேட்க அருமை, விளையாட்டுக்கு வேண்டாம். ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி 40 மில்லிநொடி அளவுக்கு இறக்கிவிடும், ஆனால் அனுப்பும் கருவிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நான் ஏமாந்தது இங்கேதான். என் ஹெட்போன் பெட்டியில் அது அச்சிட்டிருந்தது; என் கணினிக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சத்தமில்லாமல் எஸ்பிசிக்குப் போய்விட்டது. ஆண்ட்ராய்டு செல்பேசியின் அமைப்புகளில் உள்ள பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் அமைப்புகள் திறக்கும். எந்த கோடெக் ஓடுகிறது என்று அங்கே பார்க்கலாம்.

ஹெட்போனின் செயலியில் 'கேமிங் மோட்' இருந்தால் போட்டுவிடுங்கள். இருப்பைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை. பக்கத்து அறைக்குப் போனால் ஒலி விட்டுவிட்டு வரும். விளையாடும்போது யார் எழுந்து போகப் போகிறார்கள்?

ஒலி திக்கினால் அது வேறு நோய். புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன; வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கணினியில் புளூடூத்துக்காகச் செருகும் சிறு கருவியான டாங்கிளை யுஎஸ்பி 3 வன்தட்டுக்கு ஒட்டினாற்போல் செருகாதீர்கள், வன்தட்டின் இரைச்சலும் அதே இடத்தில்தான் விழுகிறது. விளையாட்டில் பேச ஆரம்பித்ததும் ஒலி பழைய தொலைபேசிபோல் ஆகிவிட்டால், ஹெட்போன் அழைப்பு முறைக்குத் தாவியிருக்கிறது. மைக்கை மட்டும் வேறு கருவிக்கு மாற்றினால் போதும்.

தாள விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பாட்டு முன்பே தெரிந்தது என்பதால், அமைப்புகளில் உள்ள ஒலித் திருத்தத்தில் நீங்கள் அளந்த எண்ணைக் கொடுத்தால் தாளம் கைக்கு வந்துவிடும். விரல் தட்டும் ஒலி மட்டும் பிந்தியே கேட்கும், அதை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் என் 230, 150-க்குக் கீழே இறங்கவில்லை. கடைசியில், புளூடூத்தை விட்டுவிட்டு, தனக்கென்று தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வரும் ஹெட்செட் வாங்கினேன். அதே மவுஸ், அதே துப்பாக்கி: 105. கம்பியைக் கழித்தால் 25 மில்லிநொடி. காது அதைப் பொருட்படுத்தவில்லை. பிளேஸ்டேஷன் 5 புளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்காது, அங்கே டாங்கிள் அல்லது கன்ட்ரோலரில் செருகும் கம்பிதான். புளூடூத் ஹெட்போன் இப்போது பாட்டுக்கு. அதன் பெட்டியில் வந்த 3.5 மில்லிமீட்டர் கம்பியை மட்டும் மேசைக் காலில் சுற்றி வைத்திருக்கிறேன். ஹெட்செட்டில் சார்ஜ் தீரும் இரவுகளில் அதைத்தான் செருகிக்கொள்கிறேன்.