தீட்டிய கத்தி, நறுக்காத காய்: ஆர்வக்கோளாறில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒரு செயலிக்குத் தாரை வார்த்தேன். கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "இன்னுமா அக்கா அந்தப் பழைய ஆப்போட மல்லுக்கட்டுறீங்க?" என்று கேட்டதில் தொடங்கிய வினை. புதியதை இறக்கி, பழையதில் கிடந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் குடியேற்றினேன். அலுவலகத்துக்கு நீலம், வீட்டுக்குப் பச்சை, எழுத்துக்கு ஆரஞ்சு. ஒவ்வொன்றுக்கும் கெடு, முன்னுரிமை, எத்தனை நிமிடம் பிடிக்கும் என்ற கணக்கு. நடுவே மூன்று காபி. இரவு பத்தரைக்கு நிமிர்ந்து பார்த்தால் திரை கண்ணைப் பறித்தது. பட்டியலில் இருந்த வேலைகளில் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. பச்சை வரிசையில் இரண்டாவதாக 'மின்கட்டணம்' என்று இருந்தது. அதைக் கட்ட மூன்று நிமிடம் போதும். நிறம் கொடுத்து, கெடு குறித்து, நினைவூட்டல் வைக்க அதைவிட அதிக நேரம் ஆகியிருந்தது.

இதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது, சோம்பேறிக்கு இவ்வளவு பொறுமை ஏது? ஆர்வக்கோளாறு என்ற சொல்தான் பொருத்தம். காபி, போன், சமூக ஊடகம், நேர மேலாண்மை என்று ஆசை ஆசையாகப் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயங்களில் நாம் செய்யும் தவறுகள், செய்யும்போது உழைப்பு போலவே இருக்கும். கத்தியைத் தீட்டுகிறவருக்கும் வியர்க்கத்தான் செய்யும். காய் நறுக்கியாயிற்றா என்று யாராவது கேட்டால்தான் சங்கடம்.

மாலைக் காபி

காபியிலிருந்தே தொடங்குகிறேன், மற்ற மூன்றுக்கும் எரிபொருள் அதுதான்.

காபி தெம்பு கொடுக்கிறது என்று நம்புவது முதல் தவறு. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அது வந்து உட்காருவதற்கென்றே நரம்புச் செல்களில் இடங்கள் உண்டு. உட்கார உட்கார நமக்குக் கண் சொருகும். காபியில் இருக்கும் கஃபீனுக்கும் கிட்டத்தட்ட அதே உருவ அமைப்பு என்பதால், முந்திக்கொண்டு போய் அந்த இடங்களில் துண்டு போட்டு வைத்துவிடுகிறது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. கஃபீன் எழுந்ததும் மொத்தமாக வந்து உட்காரும். காபி குடித்துச் சில மணி நேரம் கழித்து ஆளை அமுக்கும் சரிவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது தவறு, கடிகாரத்தைப் பார்க்காமல் குடிப்பது. உடலில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால், இரவு 10 மணிக்கு 50 மில்லிகிராம் இருக்கும். அதிகாலை 3 மணிக்கும் 25 மில்லிகிராம் மிச்சம். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. "நான் காபி குடிச்ச கையோட படுத்தாலும் தூங்கிடுவேன்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தூக்கம் வரும், அதில் ஆழ்ந்த தூக்கத்தின் பங்குதான் குறையும். மறுநாள் காலையில் அசதி, அதற்கு இன்னொரு காபி. வட்டி கட்டக் கடன் வாங்குகிற கதை.

இந்த 5 மணி நேரமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. புகைபிடிப்பவர்கள் உடலில் கஃபீன் வேகமாகக் கரையும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிக மெதுவாக. அதனால் பக்கத்து மேஜைக்காரர் இரவு எட்டு மணிக்குக் குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்பது நமக்கு எந்த வகையிலும் ஆதாரம் ஆகாது. எனக்கு மதியம் இரண்டு மணிதான் எல்லை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் கடைசிக் காபியின் நேரத்தையும் காலையில் எழுந்தபோதிருந்த நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அளவு விஷயத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வது தனிக் கலை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன கணக்குப்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கவலையில்லை. கர்ப்பிணிகளுக்கு 200. சரி, நான்கு கப் என்று மனசு உடனே பெருக்கிப் பார்க்கும். எந்தக் கப்? 240 மில்லி வடித்த காபியில் ஏறக்குறைய 95 மில்லிகிராம் என்பது ஒரு சராசரிதான். அரபிகா வகைக் கொட்டையைவிட ரொபஸ்டா வகையில் ஏறத்தாழ இரு மடங்கு கஃபீன் உண்டு. கலவை மாறினால் கணக்கும் மாறும். இன்னொன்று, கறுக்க வறுத்த கொட்டைக்கு வீரியம் அதிகம் என்ற நம்பிக்கை. கசப்பு கூடுவது உண்மை, அதற்காகக் கஃபீன் கூடிவிடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளையிலிருந்து காபியே வேண்டாம் என்று முடிவெடுப்பது இன்னொரு தவறு. பழகிய உடம்பில் கஃபீனைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். விடுமுறை நாளில் தாமதமாக எழுகிறவர்களுக்குக் காரணம் தெரியாமல் வரும் தலைவலிக்குப் பின்னாலும் பல நேரம் இதுதான் இருக்கிறது, தினமும் எட்டு மணிக்கு வந்த காபி அன்றைக்கு வரவில்லை. குறைக்க வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் கப் வீதம் குறைத்தால் போதும்.

சாதன மோகம் பற்றி ஒரு வரி. விலையுயர்ந்த இயந்திரம் வாங்கி, அதில் எப்போதோ அரைத்த தூளைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அரைத்த நொடியிலிருந்து மணம் கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. புதிதாக அரைத்த தூள் சாதாரணப் பாத்திரத்திலும் நன்றாக வரும்.

கருவி முன்னே, தேவை பின்னே

1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் ஒரு சிக்கல். காபி ஜாடி ஓர் அறையில், ஆய்வாளர்கள் கட்டடம் முழுக்க. படியிறங்கி வந்து பார்த்தால் ஜாடி காலி. ஒரு கேமராவை ஜாடிக்கு எதிரே நிறுத்தி, அந்தப் படத்தை எல்லார் கணினியிலும் தெரிய வைத்தார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்து, உலகின் முதல் வெப்கேம் என்று பெயர் வாங்கி, 2001 வரை ஓடியது. கறுப்பு வெள்ளையில் ஒரு ஜாடிப் படத்தை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் அவர்கள் வரிசை சரி. முதலில் எரிச்சல் வந்தது, பிறகு கருவி வந்தது. நாம் தலைகீழாகப் போகிறோம். செயலியை முதலில் இறக்கிவிட்டு, அது தீர்த்துவைக்க ஒரு சிக்கலைத் தேடுகிறோம். என் ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனதுதான். பழைய செயலியில் எனக்கு என்ன குறை என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

வேலைப் பட்டியலில் உண்மையில் கெட்டுப்போவது நிறமோ வடிவமோ அல்ல, எழுதும் விதம். 'வரி' என்று ஒற்றைச் சொல்லாக எழுதி வைத்திருந்தேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு கல் விழும், அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன். 'வங்கி இணையதளத்தில் போன ஆண்டுக் கணக்கு அறிக்கையை இறக்கு' என்று மாற்றி எழுதிய அன்றே அது முடிந்தது. கை என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் இருந்தால்தான் கை நகர்கிறது.

நேரக் கணக்கிலும் ஏமாறுகிறோம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே இதைப் பற்றி எழுதினார்கள். முன்பு எத்தனை முறை இழுத்தடித்திருந்தாலும், இந்த முறை சீக்கிரம் முடித்துவிடுவோம் என்றே மனம் கணக்குப் போடுகிறது. 'இதற்கு எவ்வளவு ஆகும்' என்று நினைக்கவே வேண்டாம். போன தடவை எவ்வளவு ஆனது? அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற போமொடோரோ முறைக்கு இன்று நூறு செயலிகள் இருக்கும். 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் அதைத் தொடங்கியபோது கையில் இருந்தது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றுதான். போமொடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது என்று எழுந்துபோவதும் ஒரு தவறு. மணி நமக்காக, நாம் மணிக்காக இல்லை.

அப்புறம் அந்த '21 நாளில் பழக்கம்'. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், புதிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். கைமாறிக் கைமாறி 'குறைந்தது' உதிர்ந்துபோய், நடைப்பயிற்சியிலிருந்து நாட்குறிப்பு வரை எல்லாவற்றுக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதை அளந்து பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது. ஆளைப் பொறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு எதுவும் இல்லை என்றும் தெரிந்தது. 22ஆம் நாள் காலையில் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிட்டவர்கள் எத்தனை பேரோ. நான் இரண்டு முறை.

அடிப்பக்கம் இல்லாத திரை

மணி பார்க்கப் போனை எடுத்தேன். கீழே வைத்தபோது இருபது நிமிடம் கழிந்திருந்தது, மணி என்ன என்றுதான் தெரியவில்லை. இதற்குத் தீர்வாக நான் செய்த எல்லாவற்றிலும் பலித்தது, மேஜையில் ஒரு கடிகாரம் வைத்தது மட்டும்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு அடி இருந்தது. 'அடுத்த பக்கம்' என்ற பொத்தான் இருந்தது. அழுத்த விரல் போகும் அந்த ஒரு நொடியில் 'போதும்' என்று தோன்ற வாய்ப்பு உண்டு. 2006இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் ஓடும் திரையை உருவாக்கினார், அந்த நொடி போய்விட்டது. பிற்பாடு அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். தடுப்பே இல்லாத இடத்தில் மன உறுதியை மட்டும் நம்பி நிற்பதுதான் நாம் செய்யும் தவறு.

கோபம் வந்து செயலியை அழிப்பதும், மூன்றாம் நாள் திரும்ப இறக்குவதும் எல்லாரும் ஆடிய ஆட்டம். எடுத்துவிட்ட வேகத்தடையைத் திரும்பப் போடுவது இதைவிட உதவும். ஒவ்வொரு முறையும் வெளியேறிவிட்டால், அடுத்த முறை பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பத்து நொடிக்குச் சோம்பல்பட்டே நான் பாதி நாள் உள்ளே போவதில்லை. நோட்டிஃபிகேஷனில் மனிதர்கள் நேரடியாக அனுப்புவதை மட்டும் விட்டுவிட்டு, 'நீங்கள் தவறவிட்டவை' வகையறாவை எல்லாம் நிறுத்திவிடலாம். தவறவிட்டதாக நமக்கே தோன்றாத ஒன்றை இன்னொருவர் வந்து ஏன் நினைவூட்ட வேண்டும்?

'பிறகு படிக்க' என்று சேமித்து வைப்பதும் இந்த வகைதான். சேமித்த நொடியிலேயே படித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. என் கணக்கில் முந்நூற்றுச் சொச்சம் கட்டுரைகள் கிடந்தன. ஒரு மாலை மொத்தமாக அழித்தேன். ஒன்றைக்கூட இதுவரை தேடவில்லை.

பேக்கப் என்று நினைத்தது

தொழில்நுட்ப ஆர்வலர்கள் புது மாடலின் கேமராவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், அப்டேட்டை மூன்று மாதம் தள்ளிப்போடுவார்கள். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மாத இடைவெளி ஞாபகம் வரும்.

பேட்டரியை முழுதாக இறக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்து அறிவுரை. 1991இல் சந்தைக்கு வந்து, இன்று நம் போன்களில் இருக்கும் லித்தியம் அயான் வகைக்கு அது பொருந்தாது, கெடுதலும்கூட. சூடு அதற்கு ஆகாது. தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடாமல் இருப்பதே பாதி பராமரிப்பு. பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், காரணமில்லாமல் மாற்றச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று 2017இலேயே சொல்லிவிட்டது. நீளமாக, ஒவ்வோர் இடத்துக்கும் வேறு வேறாக இருந்தால் போதும்.

எனக்குப் பட்டுத் தெரிந்தது வேறொன்று. போனில் இடமில்லை என்று ஒரு நாள் பழைய படங்களை அழித்தேன். கிளவுடில்தான் இருக்கிறதே என்ற தைரியம். அது சேமிப்பு இல்லை, ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் ஏற்பாடு. குப்பைத்தொட்டியில் சில நாள் கிடந்திருக்கும், நான் கவனித்தபோது அந்த நாள்களும் முடிந்திருந்தன. இரண்டு வருடப் படங்கள்.

விவரம் தெரிந்தவர்கள் 3-2-1 என்பார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அதற்குப் பிறகு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்து, தேதி எழுதி ஒட்டி, அழகாக அலமாரியில் வைத்தேன். ஒரு வருடம் இது ஒழுங்காக நடந்தது. பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொல்லி, போன வாரம்தான் அலமாரியில் இருந்ததை எடுத்துச் செருகினேன். பன்னிரண்டு மாதத்துக்கும் கோப்புறைகள் இருந்தன, தேதி போட்டு, வரிசையாக. திறந்தால் எல்லாவற்றிலும் முதல் மாதத்துப் படங்களே இருந்தன.