வடசென்னைக்குத் துணி எடுக்கப் போகிறீர்களா?

விமான நிலையத்தில் நீல வழித்தட மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடிக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் வந்துவிடலாம். வழியில் குழப்பம் இருக்காது, பேச்சில்தான் இருக்கும். வடசென்னையில் தெலுங்கும் உருதும் இந்தியும் தமிழோடு கலந்தே புழங்குகின்றன. காதில் விழுவது தமிழ்ச்சொல் மாதிரியே இருக்கும், பொருள் வேறாக இருக்கும்.

பேரம் பேசும்போது கவனமாக இருங்கள். கடைக்காரர் உள்ளே திரும்பி 'மூடு வந்தலு' என்றால் கடையை மூடச் சொல்கிறார் என்று கிளம்பிவிடாதீர்கள். தெலுங்கில் மூடு மூன்று, வந்த நூறு. உங்களிடம் ஐந்நூறு என்றவர் ஆளிடம் முந்நூறு என்கிறார்! ஏடு என்றால் ஏழு. 'ஆகு' என்றால் நில், பொறு. 'அவசரம் லேது' என்றால் 'மெதுவாகப் பாருங்கள்' என்று உபசரிப்பதாக நினைப்போம். 'தேவையில்லை' என்பதே அதன் பொருள். (இதே அவசரம் மலையாளத்தில் வாய்ப்பு.) எதற்கும் விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்புறம், ஆட்களைக் கூப்பிடுவது. மண்ணடி பிரியாணிக் கடையில் 'பாய்' என்பது இஸ்லாமியருக்கான மரியாதை விளிப்பு. கொஞ்சம் நடந்து சௌகார்பேட்டைக்குள் போனால், குஜராத்தியர் பெயரோடு ஒட்டும் பாய் வெறும் அண்ணன்தான். அதை வைத்து மதத்தை முடிவு கட்டாதீர்கள். உங்களை யாராவது 'இன்னா நைனா' என்றால் சந்தோஷப்படலாம். தெலுங்கில் நாயனா அப்பா. இங்கே சின்னப் பையனையும் அப்படி அழைப்பார்கள். முன்பின் தெரியாதவரை மட்டும் 'மாமா' என்று கூப்பிட வேண்டாம், தெருப்பேச்சில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. 'அண்ணே' போதும்.

மலேசியாவிலிருந்து பிள்ளைகளோடு வருபவர்களுக்கு: மலாயில் 'சூசு' பால். இங்கே டீக்கடையில் குழந்தை அதைக் கேட்டால் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

ஆட்டோக்காரர் 'பேஜார் பண்ணாதம்மா' என்றால் திட்டு என்று கொதிக்காதீர்கள். உருதுவில் பேஜார் சலித்துப்போனவரைக் குறிக்கும். சென்னையில் அது தொல்லை. நீங்கள் மூன்றாவது தடவையாக வாடகையைக் குறைக்கச் சொல்லியிருப்பீர்கள், அவ்வளவுதான். 'நாஷ்டா துன்னாச்சா?' என்று கேட்டால் அது 'காலைப் பலகாரம் தின்றாச்சா' என்ற விசாரிப்பு. தின்பது மாட்டுக்கு, உண்பது மனிதருக்கு என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தால் அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு 'ஆச்சுண்ணே' என்று சொல்லுங்கள்.