பழம்பொருள் ஏலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏலப் பட்டியலில் ஒரு செப்புத் திருமேனியையோ பழைய ஓவியத்தையோ கண்டு மனம் இழுபடும்போது, அது எந்தக் காலத்தது, என்ன விலைக்குப் போகும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். இவ்விரண்டுக்கும் முன்பாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. செய்யப்பட்ட இடத்திலிருந்து இந்த ஏல மேடை வரைக்கும் அந்தப் பொருள் யார் யார் கையில் இருந்தது, அதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்பதே அது. இதைக் கேட்காமல் விடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது என்பது என் உறுதியான கருத்து. மற்ற தவறுகளில் பணம் மட்டும் போகும். இதில் பணத்தோடு பொருளும் போகும், நல்ல பெயரும் போகும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூசை நின்று பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயிலிலிருந்து ஒரு நடராஜர் திருமேனி திருடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் அதைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு நியூயார்க் வணிகரிடமிருந்து வாங்கியது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வந்துவிட்ட பொருள் அது என்று காட்டும் காகிதங்களை வணிகர் கொடுத்திருந்தார், அவை போலியானவை. கோயிலில் அந்தத் திருமேனி இருந்தபோது எடுத்த நிழற்படம் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் அடையாளம் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. 2014இல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார். இது ஏலத்தில் நடந்த விற்பனை அல்ல என்றாலும், இத்தனை பெரிய நிறுவனமே இப்படி ஏமாந்திருக்கும்போது, பட்டியலில் உள்ள இரண்டு வரிகளை நம்பித் தனி ஒருவர் கை தூக்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே பலரும் செய்யும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருட்டுப் போன கலைப்பொருள்களுக்கான பன்னாட்டுப் பதிவேட்டில் தேடியாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை என்ற சான்றிதழை, பொருள் சுத்தமானது என்பதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். பதிவேட்டில் இருப்பது, திருட்டுப் போனதை யாராவது கண்டறிந்து, படத்தோடு புகார் கொடுத்த பொருள் மட்டுமே. ஸ்ரீபுரந்தான் கோயில் திருட்டு 2008இல் அதிகாரிகள் கதவைத் திறந்து பார்த்த பிறகே வெளியே தெரிந்தது. மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்த பொருளைப் பற்றி யார் புகார் கொடுத்திருக்க முடியும்? தஞ்சைப் பகுதியின் பத்தூரில் 1976இல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்த நடராஜர் லண்டனுக்குப் போய், ஒரு கனடா நிறுவனம் அதை 1982இல் 2,50,000 பவுண்டுக்கு வாங்கி, பிறகு லண்டன் காவல்துறையிடம் பறிகொடுத்தது. வழக்கு 1991 வரை இழுத்தது. இடிந்துபோன கோயிலுக்கே உரிமை உண்டு என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றுத் திருமேனி திரும்பியது. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கினேன் என்ற வாதம் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

ஆகவே “ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு” என்று பெயரும் ஆண்டும் இல்லாமல் எழுதியிருந்தால், ஏல நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். தேதியிட்ட பழைய ரசீது, முந்தைய ஏலப் பட்டியலின் பக்கம், கண்காட்சி நூல், வீட்டுக்குள் அந்தப் பொருள் இருக்கும் பழைய படம் ஆகியவைதாம் எடைபோடத் தக்கவை. கலாசாரச் சொத்துகளின் சட்டவிரோதப் பரிமாற்றத்துக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் உருவானதால், பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் அந்த ஆண்டையே எல்லைக்கோடாகக் கொள்கின்றன. இந்தியப் பொருளுக்கு 1970க்கு முந்தைய வெளிநாட்டுத் தடம் காகிதத்தில் இல்லையென்றால் விலகிவிடுவதே நல்லது. 2016 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்த இரண்டு இந்திய மணற்கல் சிற்பங்களை விற்பனைக்குச் சில நாள் முன்பு அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். பெரிய நிறுவனத்தின் பெயரே போதிய பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

காகிதம் முழுமையாக இருந்தும் சிக்கல் வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவாவில் 1898இல் புத்தரின் எலும்புத் தாதுக்களோடு கண்டெடுக்கப்பட்ட மணிகளில் ஒரு பகுதி, அகழ்ந்தவரின் குடும்பத்திலேயே தலைமுறைகளாக இருந்தது. அதன் தடத்தில் ஐயம் ஏதும் இல்லை. ஆயினும் 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோதபீஸ் அவற்றை ஏலத்துக்கு அறிவித்தபோது இந்திய அரசு சட்ட அறிவிப்பு அனுப்பியது, ஏலம் ஒத்திவைக்கப்பட்டது, ஜூலையில் கோத்ரெஜ் குழுமத்தின் துணையோடு மணிகள் இந்தியாவுக்கு வந்தன. வழிபாட்டோடு ஒட்டியிருக்கும் பொருளை வாங்க நினைப்பவர், சட்டம் தடுக்காவிட்டாலும் அதை வழிபடுபவர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் பற்றிய அறியாமை அடுத்த பெரிய தவறு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குறைந்தது 100 ஆண்டு பழமையானவை தொல்பொருள்கள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டே போதும். இவற்றை வைத்திருப்பதும் நாட்டுக்குள் விற்பதும் குற்றமல்ல. ஆனால் சிற்பம், ஓவியம் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், கைமாறும்போது பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் எவரும் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், ரவீந்திரநாத் தாகூர் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளுக்கும், நூறு ஆண்டு ஆனாலும் ஆகாவிட்டாலும், இதே தடை உண்டு. மும்பை ஏலங்களின் பட்டியலில் இத்தகைய ஓவியங்களுக்குக் கீழே “ஏற்றுமதி செய்ய இயலாதது” என்று குறிப்பிடப்பட்டிருக்கும். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ உட்கார்ந்து இணையத்தில் ஏலம் கேட்கும் தமிழர்கள் அந்தச் சிறு வரியைக் கவனிக்காமல் வென்றுவிட்டால், ஓவியம் அவர்களுடையதாகும், ஆனால் அவர்கள் வீட்டுச் சுவருக்கு வராது. தந்தத்தின் கதை இன்னும் கடுமையானது. எத்தனை பழையதானாலும் இந்தியாவில் அதை விற்க முடியாது, பிரிட்டனிலும் 2022 முதல் மிகச் சில விலக்குகளோடு தடை நடைமுறையில் இருக்கிறது.

பட்டியலின் மொழியைச் சாதாரண மொழியாகப் படிப்பது இன்னொரு தவறு. ஓவியரின் பெயர் மட்டும் தனியாக நின்றால், அது அவருடைய படைப்பு என்று நிறுவனம் பொறுப்பேற்கிறது என்று பொருள். “இன்னாருடையதாகக் கருதப்படுகிறது” என்றால் அந்தப் பொறுப்பு ஒரு படி இறங்கிவிட்டது. “இன்னாரின் பட்டறை”, “இன்னாரின் வட்டம்”, “இன்னாரைப் பின்பற்றியவர்”, “இன்னாரின் பாணி” என்று வரவர ஓவியருக்கும் ஓவியத்துக்கும் இடையே தூரம் கூடுகிறது. “கையொப்பமிட்டது” என்பதும் “கையொப்பம் காணப்படுகிறது” என்பதும் ஒன்றல்ல; பின்னது, அந்தக் கையெழுத்தை யார் போட்டார் என்று நாங்கள் சொல்லவில்லை என்பதன் நாகரிகமான வடிவம். நம் பக்கத்துப் பொருள்களில் மிகவும் ஏமாற்றும் சொல் “பாணி”தான். “சோழர் காலம்” என்றால் சோழர் காலம். “சோழர் பாணி” என்றால் அது சென்ற ஆண்டு வார்த்ததாகவும் இருக்கலாம். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகு வார்ப்பில் அருமையான திருமேனிகளைச் செய்கிறார்கள், அதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அப்படி வாங்கிய புதிய சிலையை அமிலத்தில் நனைத்து மண்ணில் புதைத்துப் பழையதாக்கி விற்பவர்களிடம்தான் குற்றம் இருக்கிறது.

ரவி வர்மா விஷயத்தில் ஒரு குழப்பம் வீடுதோறும் உண்டு. தாத்தா காலத்து லட்சுமி படமோ சரஸ்வதி படமோ அவர் கையால் வரைந்தது என்று நம்பி ஏல நிறுவனத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவர் 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை ஒலியோகிராஃப் என்னும் வண்ணக் கல்லச்சுப் படங்களாக ஆயிரக்கணக்கில் அச்சிட்டார். அச்சகம் பின்னர் ஒரு ஜெர்மானியரின் கைக்கு மாறி, ரவி வர்மா 1906இல் மறைந்த பிறகும் வெகுகாலம் ஓடியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் தூரிகைக் கோடுக்குப் பதிலாக நுண்ணிய புள்ளிகள் தெரியும். அப்படத்துக்கும் மதிப்பு உண்டு, அக்காலத்தில் ஜரிகையும் துணியும் ஒட்டி அலங்கரித்தவற்றைத் தேடி வாங்குவோரும் உண்டு; ஆனால் அதை ஓவியமாக விலை பேசக் கூடாது.

ஏலத்துக்கு முன்பு பொருளைக் காட்சிக்கு வைக்கும் நாள்களில் நேரில் போகாமல், படத்தை மட்டும் பார்த்துக் கேட்பதை நான் ஏற்க மாட்டேன். போக முடியாவிட்டால் நிலை அறிக்கையையாவது எழுதிக் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் ஏலத்தில் பொருள் இருக்கிற நிலையிலேயே விற்கப்படுகிறது. ஓவியத்தின் முன்புறத்தைவிடப் பின்புறம் அதிகம் பேசும். பழைய ஒட்டுச்சீட்டு, ஆணி, படச்சட்டத்தின் மரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புற ஊதா விளக்கின் கீழ் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத்தில் தொட்டுத் தீட்டிய இடங்கள் கருத்துத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தொடங்கிப் பெரிய ஏலங்கள் வரைக்கும் வரும் செட்டிநாட்டு மரச்சாமான்களில், மேல்பாகம் ஓர் அலமாரியிலிருந்தும் கீழ்பாகம் வேறொன்றிலிருந்தும் எடுத்துப் பொருத்தியவை இருக்கும். இடித்த வீட்டின் பர்மா தேக்குத் தூணை அறுத்து நேற்றுச் செய்த மேசையும் இருக்கும். மரம் பழையது என்பதால் மேசை பழையதாகிவிடாது. இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து அடிப்பலகையையும் மூலை இணைப்புகளையும் பாருங்கள்.

பணக் கணக்கில் வரும் தவறு எளிதானது, ஆனால் திரும்பத் திரும்ப நடப்பது. மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியல் விழுந்த விலை, நீங்கள் கொடுக்கப்போகும் விலை அல்ல. அதன்மேல் வாங்குபவர் கட்டணம் ஏறும். 2017இல் லியோனார்டோவின் பெயரில் விற்ற ‘சல்வதோர் முண்டி’ ஓவியம் 40 கோடி டாலரில் சுத்தியல் விழுந்தது, வாங்கியவர் கொடுத்ததோ 45.03 கோடி. கட்டணம் 20 சதவீதம் என்றால் 10 லட்சம் ரூபாய்ப் பொருள் 12 லட்சமாகும், பிறகு ஜிஎஸ்டி, பொதி கட்டுதல், காப்பீடு, போக்குவரத்து. பட்டியலில் அச்சிட்ட மதிப்பீட்டில் இந்தக் கட்டணம் சேராது. எல்லாம் சேர்ந்த தொகையை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கை தூக்கும் எல்லையை முடிவு செய்வதே வழி. விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலையை எட்டும் வரை ஏலம் நடத்துபவரே விற்பவர் சார்பில் விலையை ஏற்றலாம் என்று பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். ஆகையால் எதிரில் ஒரு போட்டியாளர் இருக்கிறார் என்ற எண்ணத்தில் சூடேறக் கூடாது.

உயர்ந்த விலையை உண்மைக்குச் சான்றாகக் கொள்வதும் தவறே. 2022இல் பிரான்சின் ஃபோந்தேன்புளோவில், 20ஆம் நூற்றாண்டுப் பிரதி என்று நிபுணர் 2,000 யூரோ வரை மதிப்பிட்ட ஒரு சீனக் குடுவை 77 லட்சம் யூரோவுக்குப் போனது. வாங்க வந்தவர்கள் அதை 18ஆம் நூற்றாண்டினது என்று நம்பினார்கள். நிபுணர் வேலையை இழந்தார். பலர் போட்டியிட்டதால் அதன் வயது முடிவாகிவிடவில்லை. 2010இல் லண்டன் அருகே ரைஸ்லிப்பில் இன்னொரு சீனக் குடுவை 4.3 கோடி பவுண்டைத் தொட்டது. வென்றவர் பணம் கட்டவே இல்லை, பிறகு அது அதைவிடக் குறைந்த விலைக்குத் தனியாக விற்கப்பட்டது. செய்தித்தாளில் வரும் சாதனை விலையை வைத்துத் தம் வீட்டுப் பொருளுக்கு விலை கட்டுகிறவர்கள் அந்தப் பணம் கைமாறியதா என்றும் பார்க்க வேண்டும்.

விற்பவர்கள் செய்வதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏலத்துக்கு முன் பொருளைப் பளபளப்பாக்குவது. அன்றாடம் ஏற்றும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம். பழைய செப்புத் திருமேனியில் பல நூற்றாண்டாகப் படிந்த களிம்பு அதன் வயதின் ஆவணம். பீடத்தில் எழுத்து இருந்தால் தேய்க்கும்போது அதுவும் சேர்ந்து போகும். தஞ்சாவூர் ஓவியத்தை ஈரத் துணியால் துடைத்தால் சுண்ணப் பூச்சும் தங்க ரேக்கும் இளகி உரிந்துவிடும். படச்சட்டம் மாற்றுகிறேன் என்று பின்பலகையைக் கழற்றி எறிந்தால் கடைக்காரர் பெயர் ஒட்டிய சீட்டும் குப்பைக்குப் போகிறது.

குறைந்தபட்ச விலையை ஆசைப்பட்டு உயர்த்தி வைப்பதும் கூடாது. ஒருமுறை விற்காமல் திரும்பிய பொருளை அடுத்த ஏலத்தில் எல்லோரும் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

பரணிலிருந்து பொருளை இறக்கும் நாளிலேயே அதோடு தொடர்புள்ள கடிதம், ரசீது, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றையும் தேடி எடுங்கள். கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் அந்த நிலைக்கண்ணாடி நிற்கிறதென்றால், அந்தப் படத்தின் பின்னால் பென்சிலில் எழுதிய தேதியோடு அதையும் கண்ணாடியுடன் சேர்த்தே ஏல நிறுவனத்திடம் காட்டுங்கள், ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு.