கேட்டில் பிடித்த பித்தளை புஷ்: திருட்டுப் பழியில் வேலை போனால் எப்படிப் போராடுவது

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் 17 வருடம் ஃபிட்டராக இருந்தேன். 2011இல் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது, கேட் சோதனையில் என் சாப்பாட்டுப் பையிலிருந்து தேய்ந்துபோன பித்தளை புஷ் (எந்திரத்தில் சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) இரண்டை எடுத்தார்கள். 340 கிராம். சார்ஜ் ஷீட்டில் கம்பெனியே போட்ட மதிப்பு 85 ரூபாய். அதற்காக என்னை டிஸ்மிஸ் செய்தார்கள். திரும்ப உள்ளே போக எனக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு, இதே மாதிரிப் பழியில் மாட்டிய சங்கத் தோழர்கள் சிலருக்கு, கம்பெனி நடத்தும் உள்விசாரணையில் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம். என்னை மனிதவள அதிகாரியின் அறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்கள். "தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுப்பா. காலைல வழக்கம்போல வேலைக்கு வந்துடலாம்." எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை என் பஞ்சிங் கார்டு வேலை செய்யவில்லை. பிறகு விசாரணையில் என் மேல் வைத்த முதல் ஆவணமே அந்த இரண்டு வரிதான்.

அதனால் எந்தத் தாளிலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மன்னிப்புக் கடிதம், ராஜினாமா, வெற்றுத்தாள், எதுவானாலும் சரி. "சங்க நிர்வாகி வரட்டும், பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ராஜினாமா பண்ணினால் போலீசுக்குப் போகமாட்டோம் என்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால், பிற்பாடு நீங்களாகத்தான் போனீர்கள் என்பதே அவர்களுடைய முதல் வாதமாக இருக்கும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? ஒரு நாள்கூடத் தள்ளாமல், அதை எந்தச் சூழ்நிலையில், யார் யார் முன்னால், எத்தனை மணிக்கு வாங்கினார்கள் என்று விவரமாக எழுதி, அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். எங்கள் சங்கச் செயலாளர் அன்று இரவே என் வீட்டுக்கு வந்து இதை எழுத வைத்தார். "தம்பி, நாளைக்கு அனுப்புனா இது சாட்சி, அடுத்த மாசம் அனுப்புனா இது சாக்கு" என்றார்.

அன்று இரவே இன்னொன்றும் செய்யுங்கள். நடந்ததை மணிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பையில் முதலில் கைவிட்டது யார், பக்கத்தில் யார் நின்றார்கள், கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது. கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். பதிவுகள் சில வாரத்தில் மேலெழுதப்பட்டுவிடும்.

அப்புறம் சஸ்பென்ஷன் உத்தரவும் சார்ஜ் ஷீட்டும் வரும். சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்பூதியம் உங்கள் உரிமை. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்கு மேல் முக்கால். தமிழ்நாட்டின் 1981ஆம் வருடச் சட்டப்படி 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம். இதைக் கொடுக்காமல் விசாரணையை நடத்தினால் எழுத்தில் ஆட்சேபம் செய்யுங்கள். சோற்றுக்கில்லாதவன் விசாரணைக்கு எப்படி வருவான் என்ற கேள்வியை நீதிமன்றங்கள் மதிக்கின்றன.

சார்ஜ் ஷீட்டுக்குப் பதில் எழுதும்போது, நிலையாணைகளின் (ஆலையின் வேலை, ஒழுங்கு விதிகள்) நகலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். திருட்டுக்கும், கேட் பாஸ் இல்லாமல் பொருளை வெளியே கொண்டுபோனதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. திருட்டு என்றால் எடுக்கும் எண்ணம் வேண்டும். எங்கள் ஆலையில் பழைய புஷ்ஷைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். பிரேக்டவுன் நேரத்தில் புதுசை முதலில் வாங்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடிவதற்குள் பழசை ஸ்டோர்ஸில் ஒப்படைப்பது வழக்கம். இதைப் பதிலில் எழுதினேன். அன்றைய இன்டென்ட் சீட்டு (ஸ்டோர்ஸில் பொருள் கேட்டு எழுதும் சீட்டு), ஸ்டோர்ஸ் பதிவேடு, கேட் பதிவேடு ஆகியவற்றின் நகல்களையும் கேட்டேன். ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் பின்னால் உதவும்.

இனி உள்விசாரணை. இதை ஒரு சடங்கு என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பலர் செய்யும் பெரிய தவறு இதுதான். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள். பிற்பாடு நீதிமன்றம் பார்ப்பது பெரும்பாலும் இந்த அறையில் எழுதிய மினிட்ஸை, அதாவது விசாரணைப் பதிவைத்தான். சங்க நிர்வாகியையோ சக தொழிலாளியையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மினிட்ஸைத் தமிழில் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் சொன்னதை எழுதவில்லை என்றால், கையெழுத்துக்கு மேலேயே அதைக் குறித்துவிடுங்கள்.

குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்த வேண்டாம். சின்னச் சின்னக் கேள்வி போதும். என்னைப் பிடித்த செக்யூரிட்டி, "பையின் அடியில் துணியில் சுற்றி மறைத்து வைத்திருந்தார்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் செயலாளர் கேட்டது இவ்வளவுதான்.

"என்ன துணி?"

"பனியன் வேஸ்ட்."

"எண்ணெய் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஃபிட்டருங்க கழட்டுன பார்ட்ஸை எதுல சுத்துவாங்க?"

"அதுலதான்."

"அன்னைக்கு ஸ்டோர்ஸ் எத்தனை மணிக்கு மூடுனாங்க?"

"ஸ்டாக் எடுக்கறதுக்காக ரெண்டரைக்கே மூடிட்டாங்க."

என் ஷிஃப்ட் முடிந்தது மூன்றரைக்கு. விசாரணை அதிகாரி இதைக் கண்டுகொள்ளாமல் குற்றம் நிரூபணம் என்றுதான் எழுதினார். ஆனால் அந்த நான்கு பதிலும் மினிட்ஸில் இருந்தன. 2016இல் தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பில் அதே வரிகளை நீதிபதி எடுத்துக் காட்டினார்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். "வெறும் 85 ரூபாய்தானே" என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தொகை சின்னது என்பதால் மட்டும் தண்டனை தப்பாது என்று நீதிமன்றங்கள், முக்கியமாக பஸ் கண்டக்டர் வழக்குகளில், பலமுறை சொல்லியிருக்கின்றன. முதலாளிக்கு நம்பிக்கை போய்விட்டது என்பதே அங்கே பேச்சு. குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்தின் பலனும் இங்கே கிடைக்காது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்றுதான் பார்ப்பார்கள். சின்னத் தொகையோடு உங்கள் சேவைக் காலம், ஒரு மெமோகூட இல்லாத பதிவு, இதே தவறுக்கு வேறொருவருக்குக் கொடுத்த சின்னத் தண்டனை, இவையெல்லாம் சேர்ந்தால்தான் எடை வரும். உண்மையிலேயே எடுத்திருந்தால் பொய்க்கதை கட்டாதீர்கள். அப்போது தண்டனையின் அளவை எதிர்த்துப் போராடுங்கள். தண்டனை கொடுக்கும் முன் குற்றத்தின் கடுமையையும் பழைய பதிவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மாதிரி நிலையாணையே சொல்கிறது. தண்டனை மிகை என்று தெரிந்தால் குறைக்கும் அதிகாரம் 1971 முதல் நீதிமன்றத்துக்கு உண்டு. பழைய சட்டத்தில், அதாவது 1947ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தில், அது 11ஏ பிரிவு. புதிய சட்டத்திலும் அந்த அதிகாரம் இருக்கிறது.

டிஸ்மிஸ் உத்தரவு வந்ததும் சங்கத்திடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அப்போது சம்பளக் கோரிக்கையோ போனஸோ தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடமோ தொழில் தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருந்ததா? இருந்திருந்தால், நிர்வாகம் உங்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அங்கே ஒப்புதல் மனுவும் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் டிஸ்மிஸே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சங்கம் உள்ள ஆலையில் வேலை பார்ப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பாதிப் பேருக்கு இது தெரிவதே இல்லை. திருட்டுப் பழி என்றாலே சங்கத்தில் சிலர் ஒதுங்குவார்கள். எனக்கும் அது நடந்தது, வலித்தது. செயற்குழுவுக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, தீர்மானமாகப் பதிலைக் கேளுங்கள். சங்கம் வராவிட்டாலும் தனித் தொழிலாளியாகவே தகராறு எழுப்பலாம்.

என் காலத்தில் 1947ஆம் வருடச் சட்டம். சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாளில் தீரவில்லை என்றால் நேரே தொழிலாளர் நீதிமன்றம், அதற்கு மூன்று வருடக் கெடு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரசமே நடக்காது. சமரச அதிகாரியின் அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயம் போக வேண்டும். நீங்கள் இரண்டு கெடுவையும் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த மாதமே மனுவைப் போட்டுவிடுங்கள்.

மனுவில் "வேறு நிலையான வருமானம் இல்லை" என்ற வரி கட்டாயம் வேண்டும். பின்சம்பளம் (வேலை இல்லாமல் இருந்த காலத்துச் சம்பளம்) அதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். நான் இடையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தினக்கூலிக்குப் போனேன். அதையும் மறைக்காமல் சொன்னேன். பணித்தொடர்ச்சியோடு வேலையும் பாதிப் பின்சம்பளமும் கிடைத்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், வேறு வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேளுங்கள்.

இடையில், பணம் தருகிறோம் என்று நிர்வாகத்தார் சமரசம் பேசுவார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு நிலைமை, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதற்கு ஒத்துக்கொண்டாலும், திருட்டுக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாகவும் பணிச்சான்றிதழில் அது வராது என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பிஎஃப் பணத்தில் யாரும் கைவைக்க முடியாது. பணிக்கொடையைப் பறிப்பதாகச் சொன்னால் உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, காரணத்தோடு தனி உத்தரவு போடச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்த மறுநாளே தீர்ப்பின் நகலோடு கேட்டில் போய் நில்லுங்கள். வேலைக்கு வந்துவிட்டேன் என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீல் வாங்குங்கள். எனக்கு சீல் போட மறுத்தார்கள். கேட் எதிரே இருந்த தபால் நிலையத்துக்கு நடந்துபோய், அதையே தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.